அரை அடி முன்னால்

ஒரு நாட்டின் உதைபந்தாட்டச் சங்கத்தில் பதிவு பெற்றவர் இன்னொரு நாட்டில் ஆட விரும்பினால், புதிய சங்கம் பழைய சங்கத்திடம் மாற்றுச் சான்றிதழ் கேட்க வேண்டும். பழைய சங்கம் அதைக் கொடுக்கலாம், அல்லது காரணம் காட்டி மறுக்கலாம். இரண்டும் செய்யாமல் பேசாதிருந்தால், விதித்த தவணை கழிந்ததும் புதிய சங்கம் அவரைத் தற்காலிகமாகப் பதிவு செய்து ஆட விடலாம்.

நான் முப்பத்திநான்கு வருடம் பிரதேச செயலகங்களில் இருந்து, நிர்வாக உத்தியோகத்தராக ஓய்வு பெற்றவன். தாபன விதிக்கோவையில் எந்த அத்தியாயம் எந்தப் பக்கத்தில் என்று கேட்டால் சொல்வேன். பதில் வராததாலும் ஒருவருக்கு நன்மை உண்டாகலாம் என்று சொல்லும் விதியை அதற்கு முன் நான் கண்டதில்லை. எங்கள் கந்தோர்களில் பதில் வரவில்லை என்றால் கோவை வேறு மேசைக்குப் போய்விட்டது என்று பொருள். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

அந்த விதிதான் எங்கள் அணிக்கு ஆட வந்த அந்த வெளிநாட்டவருக்குப் பொருந்தியிருக்க வேண்டும். அவருடைய நாட்டில் போர் நடந்துகொண்டிருந்தது. சங்க அலுவலகத்தில் விண்ணப்பங்களைப் பார்க்க ஆள் இருக்குமோ என்பதே சந்தேகம். பதில் வராது, தவணை கழியும், அவர் ஆடுவார். ஆரையம்பதியில் எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தின் செயலாளர் என்ற முறையில் நான் போட்டிருந்த திட்டம் அவ்வளவுதான்.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை எழுதினேன். அதன் பலன் கீழே வருகிறது.

அவரை முதலில் கண்டது பெற்றோல் வரிசையில். நாட்டில் எரிபொருள் இல்லாதிருந்த அந்த மாதங்களில் வரிசை பிரதான வீதியில் ஒரு மைலுக்குக் குறையாது. நான் வீட்டிலிருந்து பிளாஸ்டிக் கதிரையும் பத்திரிகையும் கொண்டுபோய் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். காலை பத்து மணி வெயில். வரிசையின் ஓரமாக ஒரு வெள்ளைக்காரர் காலில் பந்தோடு ஓடி வந்தார். முப்பத்தைந்து வயதுக்குக் கிட்ட. தலை மழித்திருந்தது. மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே பந்தை நுழைத்து, மறுபக்கம் போய் எடுத்து, வரிசையின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தார்.

“அந்த வெள்ளைக்காரன் என்னத்துக்கு ஓடுறான்?” என்று கேட்டார் எனக்கு முன்னாலிருந்த முச்சக்கரவண்டிக்காரர்.

“பெற்றோலுக்குத்தான்” என்றார் பின்னாலிருந்தவர்.

“வாகனத்தக் காணல்லயே.”

“அதான் ஓடுறான்.”

மூன்றாவது தடவை கடக்கும்போது எனக்குப் பக்கத்தில் நின்றார். அதாவது, நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தார். இது எதற்கான வரிசை என்று ஆங்கிலத்தில் கேட்டார். சொன்னேன். எப்போது கிடைக்கும் என்றார். கப்பல் வந்தால் என்றேன். கப்பல் எப்போது வரும் என்றார். அதைத் துறைமுகத்துக்குப் பொறுப்பானவர்கள்தான் சொல்ல வேண்டும் என்றேன். அவர் வரிசையை முழுதாக ஒருமுறை பார்த்துவிட்டு, “எல்லோரும் உட்கார்ந்திருக்கிறீர்கள்” என்றார். குற்றச்சாட்டுப் போலவே இருந்தது. பிறகு ஓடிப்போனார்.

எங்கள் கழகத் தலைவர் தவராசா, ஐஸ் கொம்பனி வைத்திருப்பவர், அன்று மாலையே விபரம் சொன்னார். அந்த மனிதர் உக்ரைனில் தொழில்முறை முன்வரிசை ஆட்டக்காரர். குளிர்கால விடுமுறைக்குப் பாசிக்குடாக் கடற்கரைக்கு இரண்டு கிழமை வந்தவர். இரண்டாவது கிழமையில் அங்கே சண்டை தொடங்கியது. திரும்பிப் போக இருந்த விமானம் அட்டவணையிலேயே இல்லாமற் போனது. அவர் ஆடிக்கொண்டிருந்த லீக் நிறுத்தப்பட்டது. விசாவை நீட்டித்துக்கொடுத்தார்கள். ஹோட்டலிலிருந்து சின்ன விடுதிக்கும், அங்கிருந்து இன்னும் சின்ன விடுதிக்கும் மாறி, கடைசியில் தவராசாவின் ஐஸ் கொம்பனி மேல்மாடியில் வந்து நின்றார்.

“மேல ஒரு அறை சும்மாதானே கிடக்கு சேர்” என்றார் தவராசா. “கடவுளாப் பாத்து ஒரு ஸ்ட்ரைக்கரத் தந்திரிக்கார். வேணாமெண்டு செல்ல ஏலுமா?”

கடவுள் தந்தாலும் பதிவுப் படிவம் வேண்டும் என்றேன்.

அவரால் உட்கார முடியாது. இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. என் வீட்டு முன்னறைதான் கழகத்தின் அலுவலகம். அங்கே நான்கு கதிரைகள் உண்டு. ஐந்து மாதத்தில் அவர் ஒன்றிலும் ஐந்து நிமிடம் இருந்ததை நான் பார்க்கவில்லை. தேத்தண்ணியை நின்றுகொண்டே குடிப்பார். குடிக்கும்போது குதிக்காலை உயர்த்தித் தாழ்த்துவார். யன்னலுக்குப் போவார், கோவைகள் அடுக்கிய அலுமாரிக்குப் போவார், மறுபடி யன்னல்.

“இஞ்சாருங்க, அவருக்குக் கதிரையில என்ன முள்ளா இரிக்கி?” என்று என் மனைவி பூமணி குசினிக்குள் இருந்து கேட்டாள்.

“தொழில் அப்படி.”

“நீங்களும் ஒரு தொழில் பாத்தீங்கதானே. ஒரு நாளாவது எழும்பினீங்களா?”

அவளுடைய பிட்டையும் மீன் சொதியையும் அவர் கோப்பையைக் கையில் ஏந்தி நடந்துகொண்டே சாப்பிட்டார். முற்றத்தில் இரண்டு சுற்று நடந்தால் ஒரு கோப்பை முடியும். பூமணி வாசலில் சட்டியோடு நின்று, அவர் கடக்கும்போது அகப்பையால் போடுவாள். சில நாளில் இருவருக்கும் நேரம் பிசகாமல் பழகிவிட்டது.

எங்களுக்குள் பேச்சு ஆங்கிலம். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதும் ஒன்றையொன்று முன்பின் அறியாதவை, ஆனாலும் ஒத்துப்போயின. அவர் சொன்னவற்றைத் தமிழில் தருகிறேன். அவரே தமிழில் சொன்னவை மிகக் குறைவு. ஊரில் அவர் முதலில் கற்றது ‘மறுகா’ என்ற சொல். பிறகு, அப்புறம் என்பதற்கு நாங்கள் அப்படித்தான் சொல்வோம். லீக் காரியாலயத்தில் மறுகா வாங்க என்றார்கள். விசா நீட்டிக்க உதவியவர் மறுகா பாப்பம் என்றார். மின்சாரம் எப்போது வரும் என்று கேட்டால் மறுகா. நானும் சொல்லியிருப்பேன். ஒருநாள் வாசலில் நின்று என்னை அழைத்தார்.

“மறுகா சேர்.”

அன்றுமுதல் எனக்கு அதுதான் பெயர். முப்பத்திநான்கு வருட சேவைக்கு இவ்வளவு பொருத்தமான பட்டத்தை எந்தப் பிரியாவிடைக் கூட்டத்திலும் எனக்கு யாரும் தரவில்லை.

எங்கள் மைதானத்துக்கு மேற்கே வாவி. பந்து அந்தப் பக்கம் பலமாகப் போனால் தண்ணீருக்குள்தான். பயிற்சியாளர் ரபீக் காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருப்பவர். இளமையில் மாவட்ட அணிக்கு ஆடியவர். பின்னேரம் நாலரைக்குக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வருவார். ஒழுங்கு வேண்டும் என்பதற்காக நான் பயிற்சிக்கு ஒரு வரவுப் பதிவேடு வைத்திருந்தேன்: பெயர், வருகை, வெளியேற்றம், கையொப்பம். மற்றவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் ஒருவர்தான் நாளும் தவறாமல் எழுதினார், அதுவும் பாதி. வருகை நேரம் எல்லோருக்கும் முன்னால் இருக்கும். வெளியேற்றம் என்ற கட்டம் வெறுமையாகவே கிடக்கும். பயிற்சி முடிந்ததும் ஓடத் தொடங்கி, வீதியில் அப்படியே போய்விடுவார்.

மைதானத்திலும் அவருக்கு அதே குணம். பந்து கொடுப்பவன் காலை ஓங்குவதற்கு முன்பே புறப்பட்டுவிடுவார். எங்கள் நடுக்கள ஆட்டக்காரர்களில் பாதிப்பேர் காலையில் தோணிக்குப் போய்வந்த களைப்போடு ஆடுபவர்கள். பந்தை நிறுத்தி, மூச்சு வாங்கி, சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் அடிப்பார்கள். அதற்குள் அவர் எதிரணியின் கடைசி ஆளைத் தாண்டி நிற்பார். ரபீக் விசில் ஊதுவார்.

“ஓப்சைட் ப்ரதர்.”

அவர் கையை விரிப்பார்.

“அரை அடிதான் முன்னுக்கு. கொஞ்சம் பொறுத்து ஓடுங்க.”

“பொறுத்தால் தடுப்பவன் வந்துவிடுவான்.”

“பொறுக்காட்டி நான் ஊதுவன்.”

இருவருக்கும் நாளும் இதே வழக்கு. ஆனால் பத்துத் தடவையில் ஒரு தடவை கொடுத்தவனின் காலும் அவருடைய ஓட்டமும் ஒன்றாக அமையும். அப்போது பார்க்க வேண்டும். பந்து அவரைத் தேடி வராது. அவர் ஏற்கனவே நின்ற இடத்தில் வந்து விழும். கோலைப் பார்க்காமலே உதைப்பார். வலைக்குள் போன பந்தை நின்று ரசிக்கவும் மாட்டார். தானே போய் எடுத்து நடுவட்டத்துக்கு ஓடிவருவார், இன்னும் அடிக்க வேண்டியிருக்கிறது என்பதுபோல.

அவருடைய வாழ்க்கையை அவர் எனக்கு ஒழுங்காகச் சொன்னதில்லை. நடக்கும்போது துண்டு துண்டாக விழுந்தவற்றை நான்தான் சேர்த்தேன். பத்தொன்பது வயதில் முதல்தர லீக்கில், கடைசிப் பதினைந்து நிமிடத்துக்கு இறக்கப்பட்டு, காலின் பெருவிரலால் ஒரு கோல். மறுநாள் பத்திரிகையில் படம். பெரிய கழகம் வாங்கியது. வாங்கி, ஆட இறக்காமல், இரண்டு வருடம் மாற்று ஆட்டக்காரர் வாங்கில் இருத்தியது. அந்த மனிதரை இரண்டு வருடம் இருத்தியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கே இருப்புக் கொள்ளவில்லை. பிறகு இரண்டாந்தரத்துக்கு இறங்கி, அங்கே அந்த வருடத்தின் அதிக கோல். திரும்பவும் மேலே. முழங்கால். சத்திரசிகிச்சை. கசகஸ்தானில் ஒரு கழகம்; உரிமையாளர் ஒருநாள் ஊரைவிட்டே போனார், கழகமும் போனது. சைப்பிரசில் ஒன்று. மறுபடி முழங்கால். மறுபடி சொந்த நாடு, சின்ன ஊர், சின்னக் கழகம், அங்கே மறுபடி கோல்கள். ஒவ்வொரு இடத்தையும் அவர்கள் போகச் சொல்வதற்கு முன்பே தான் விட்டு வந்ததாகச் சொன்னார். அது எவ்வளவு உண்மை என்று தெரியாது. கேட்பதற்குள் முற்றத்தின் அடுத்த மூலைக்குப் போயிருப்பார்.

ஒருநாள் கைத்தொலைபேசியில் வீடியோப் படங்களைக் காட்டினார். எல்லாம் அவர் அடித்த கோல்கள் என்று நினைத்தேன். அடித்தவைதான், ஆனால் ஒவ்வொன்றிலும் கடைசியில் கோட்டோரத்தில் ஒரு கொடி உயர்ந்தது. அத்தனையும் ஓப்சைட் என்று மறுக்கப்பட்டவை.

“அடித்ததாக எழுதப்பட்டவை எல்லோரிடமும் இருக்கின்றன” என்றார். “இவை என்னிடம் மட்டும்தான்.”

ஒன்றை நிறுத்தி, தன் தோளுக்கும் எதிராளியின் தோளுக்கும் நடுவே பெருவிரல் நகத்தை வைத்துக் காட்டினார். இவ்வளவுதான் என்பதுபோல. தன்னை வாங்கி வாங்கில் வைத்த பெரிய கழகத்துக்கு எதிராக அடித்தது அது. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். நகம் அளவுக்கு முன்னால்தான் நின்றார். விதி விதிதான் என்றேன். தலையாட்டினார். பிறகு அதையே இன்னொரு தடவை ஓடவிட்டார்.

ஆடி மாதத்தில் மாலைதீவிலிருந்து அவருக்குச் செய்தி வந்தது. அங்குள்ள ஒரு கழகம் புதிய பருவத்துக்கு முன்வரிசை ஆட்டக்காரர் தேடியது. ஒரே நிபந்தனை: கடைசி ஆறு மாதத்தில் எங்காவது உத்தியோகபூர்வமான ஓர் ஆட்டமாவது ஆடியிருக்க வேண்டும், நடுவர் கையெழுத்திட்ட ஆட்டத்தாள் வேண்டும். வெறும் பயிற்சியில் ஓடும் முப்பத்தைந்து வயது முழங்காலை அவர்கள் நம்பத் தயாராயில்லை. எங்களுக்கு மாவட்டச் சுற்றுப்போட்டி புரட்டாதியில். விசாவின் கடைசி நீட்டிப்பும் புரட்டாதியோடு முடிந்தது. ஒரு ஆட்டம், ஒரு தாள். அது கிடைத்தால் மாலைதீவு. கிடைக்காவிட்டால், வேறு எந்த நாடும் கூப்பிடாத நிலையில், வீடு. வீட்டுக்குப் போனால் அந்த வயது ஆண்களைத் திரும்ப வெளியே விடமாட்டார்கள். இதை அவர் ஒரே ஒரு தடவை சொன்னார். சொல்லும்போது மட்டும் நடக்காமல் நின்றார்.

நான் படிவத்தை எடுத்து மேசையில் விரித்தேன்.

மாவட்ட லீக் வழியாகக் கொழும்புக்கும், கொழும்பிலிருந்து கணினி வழியாக அவருடைய நாட்டுக்கும் போக வேண்டிய படிவம். நான் வாழ்க்கையில் நிரப்பிய படிவங்களை அடுக்கினால் இந்த வீட்டுக் கூரையைத் தொடும். ஒன்றுகூடப் பிழை என்று திரும்பியதில்லை. பேனையைத் திறந்தேன்.

முதற்கட்டம்: குடும்பப் பெயர்.

எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்து, பிறகு சொந்தப் பெயர், அவ்வளவுதான் நாங்கள். அரசாங்கப் படிவமோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டால் ஏற்காது. ஆகவே முப்பத்திநான்கு வருடமாக என் மேசைக்கு வந்த ஒவ்வொருவரிடமும், வயலுக்கு மானியம் கேட்டு வந்தவரிடமும், பிறப்புப் பதிவுக்கு வந்தவரிடமும், வெளிநாடு போக வந்தவரிடமும் நான் கேட்டது ஒரே கேள்வி. அன்றும் கை தானாக ஓடியது.

“தகப்பன் பெயர் என்ன?”

அவர் யன்னலடியில் நின்று சொன்னார். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அதை எழுதினேன். அடுத்த கட்டத்தில் அவருடைய பெயர். அவருடைய பழைய ஆட்டக்காரர் அட்டையில் மூன்றாவதாக இன்னொரு பெயர் இருந்தது. அது ஊர்ப்பெயராக இருக்கும் என்று நானே தீர்மானித்து, முதலெழுத்தாகச் சுருக்கி ஒரு புள்ளி வைத்தேன். அந்த முதலெழுத்தும் புள்ளியும்தான் அவருடைய உண்மையான குடும்பப் பெயர். பத்தாயிரம் பேர் மைதானத்தில் நின்று கத்திய பெயர்.

கடவுச்சீட்டுப் பிரதியை இணைத்தேன். மின்வெட்டுக்கு நடுவே எடுத்த பிரதி, பாதி கறுப்பு. நான் பக்கத்தைத் திருப்பி முடிப்பதற்குள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவருடைய பேனை வந்துவிட்டது. ஓப்சைட் என்று நினைத்துக்கொண்டேன். வாசிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களை எனக்கு எப்போதும் பிடிக்காது.

தவணை ஒரு வெள்ளிக்கிழமையோடு முடிய இருந்தது. பதில் வராமலிருக்கவேண்டும் என்று நான் நாட்களை எண்ணியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அவரும் எண்ணினார். தினமும் காலையில் மாடியிலிருந்து ஓடிவந்து, கேற்றில் கைவைத்துக் கேட்பார்.

“மறுகா சேர், பதில்?”

“இல்லை.”

“நல்லது” என்று ஓடிப்போவார்.

புதன்கிழமை பதில் வந்தது. லீக் செயலாளர் தொலைபேசியில் வாசித்தார். அந்த நாட்டுச் சங்கம் வேலை செய்துகொண்டுதான் இருந்தது; குண்டுகளுக்கு நடுவே யாரோ ஒரு எழுதுவினைஞர் மேசையில் உட்கார்ந்து பதிவேட்டைப் புரட்டியிருக்கிறார். நான் அவரைப் பாராட்டுகிறேன். ‘இந்தப் பெயருடைய ஆட்டக்காரர் எவரும் எம்மிடம் பதிவு பெற்றிருக்கவில்லை.’ இது பதில். பதில் வந்ததால் ‘பேசாதிருந்தால்’ என்ற விதி பொருந்தாது. விண்ணப்பம் முடிவுற்றது. புதிதாகப் போட்டால் தவணை முதல் நாளிலிருந்து தொடங்கும். அது முடியும்போது சுற்றுப்போட்டியும் விசாவும் முடிந்திருக்கும்.

தொலைபேசியை வைத்துவிட்டுப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். முதற்கட்டத்திலேயே கண்டேன்.

அன்று மாலை மைதானத்தில் அவர் கேட்டபோது, “அவர்களுடைய பக்கத்தில் ஏதோ பிழை” என்றேன். இது உத்தியோக மொழி. யாருடைய பக்கம் என்று சொல்லாமலே ஒரு பக்கத்தைக் காட்டும். ரபீக்கும் தவராசாவும் பக்கத்தில் நின்றார்கள்.

“அவங்கட நாட்டுல யுத்தம், சேர். பிழ வரத்தானே செய்யும்” என்றார் ரபீக். எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார்.

அவர் பந்தை எடுத்து வாவிப்பக்கமாக உதைத்தார். அது கரையிலிருந்து தள்ளித் தண்ணீரில் போய் விழுந்தது. செருப்போடு தண்ணீருக்குள் இறங்கி நடந்தார்.

“மனே, அதுக்குள்ள முதலை இரிக்கி” என்று தவராசா கூப்பிட்டார்.

இடுப்பளவு தண்ணீரில் பந்தை எடுத்துக்கொண்டு வந்தார். வந்து அதையே மறுபடி உதைத்தார். மறுபடி இறங்கினார். ஐந்து தடவை. நாங்கள் மூவரும் கரையில் நின்றோம்.

அடுத்த நாள் காலை நான் எட்டு மணிக்கு முன்பே ஐஸ் கொம்பனிக்குப் போனேன். சேவைக் காலத்தில் ஒரு பொதுமகனைத் தேடி நான் போனதில்லை. அவர்கள்தான் என்னிடம் வருவார்கள். மாடிப்படி ஈரமாக இருந்தது. அவர் அறைக்குள் நடந்துகொண்டிருந்தார். படிவத்தின் பிரதியைக் காட்டி, எங்கள் வழக்கத்தைச் சொல்லி, பிழை என்னுடையது, அங்கே எவரும் பிழை செய்யவில்லை என்று சொன்னேன். முழுவதும் நின்றுகொண்டே சொன்னேன்.

அவர் பிரதியை வாங்கி அந்தக் கட்டத்தைப் பார்த்தார். பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“நான் அன்றைக்கே கண்டேன்” என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

“கையெழுத்துப் போடும்போது கண்டேன். குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பாவின் பெயர். உங்கள் நாட்டில் அப்படித்தான் என்று நினைத்தேன். பிடித்திருந்தது. விட்டுவிட்டேன்.”

அவருடைய தகப்பன் ஒரு தொழிற்சாலையில் இரும்பு ஒட்டுவேலை செய்தவர். ஒரு கால் சின்னது. ஒருநாளும் பந்து ஆடியதில்லை. மகனின் எல்லா ஆட்டத்துக்கும் வந்து கோட்டோரத்தில் நிற்பார், நொண்டியபடி கூடவே ஓடுவார். பெரிய கழகம் வாங்கில் இருத்திய காலத்தில் செத்துப்போனார்.

“பதிவேட்டில் அப்பாவைத் தேடியிருக்கிறார்கள்” என்று சிரித்தார். “எப்படிக் கிடைப்பார்?”

சிரிப்பு முடிந்த பிறகும் அவர் எழும்பவில்லை. ஐந்து நிமிடத்துக்கு மேலிருக்கும். எனக்கு அது பயமாக இருந்தது. கீழே ஐஸ் உடைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் நான்தான் யன்னலடிக்குப் போனேன்.

சரியான பெயரோடு இரண்டாவது விண்ணப்பத்தை அன்றே போட்டேன். பயன் இராது என்று தெரிந்தும் எல்லா இணைப்புகளோடும் போட்டேன். கடவுச்சீட்டைக் களுவாஞ்சிக்குடியில் மின்சாரம் இருந்த கடையில் வெள்ளையாகப் பிரதி எடுத்தேன்.

சுற்றுப்போட்டியில் நாங்கள் இறுதிவரை போனோம், அவர் இல்லாமல். இறுதி ஆட்டத்தில் அவர் கோட்டுக்கு வெளியே எங்கள் முன்வரிசைக்குச் சமமாக ஓடிக்கொண்டிருந்தார். பந்து முன்னால் போகும்போதெல்லாம் அவரும் புறப்பட்டார். கோட்டோர நடுவர் கொடியோடு இரண்டு தடவை அவரில் மோதி, பிறகு முறையிட்டார்.

“இந்தாளப் பிடிச்சி இருத்துங்க. எனக்குப் பந்து தெரியல்ல.”

“ஏலுமெண்டா நீங்க இருத்துங்க” என்றார் ரபீக்.

பூச்சியத்துக்கு ஒன்று என்று தோற்றோம். எழுபதாவது நிமிடமளவில் எங்கள் நடுக்களத்திலிருந்து வந்த ஒரு பந்து எதிரணியின் இருவருக்கும் நடுவால் போய், ஆளில்லாத இடத்தில் நின்றது. அப்படி ஒரு பந்தை எங்கள் பொடியன்கள் அதற்கு முன் கொடுத்ததில்லை. ஐந்து மாதம் அவரோடு பழகிய கால், அவர் நிற்பார் என்று எண்ணிக் கொடுத்துவிட்டது. கோட்டுக்கு வெளியே, சரியாக அந்தப் பந்துக்கு நேரே, அவர் நின்றார். அரை அடிகூட முன்னால் இல்லை. நான் என் கண்ணால் பார்த்தேன்.

அவருடைய கொழும்புப் பேருந்து ஒரு வியாழக்கிழமைக்குப் பதிவு செய்யப்பட்டிருந்தது. பூமணி புதன்கிழமை பிட்டு அவித்து, மீன் பொரித்து, பார்சல் கட்டிவைக்கத் திட்டம் போட்டிருந்தாள். அவர் செவ்வாய்க்கிழமையே போய்விட்டார். அன்று காலை வழக்கம்போல் கேற்றில் கைவைத்தார். முதுகில் பை இருந்தது. பயிற்சிப் பை என்று நினைத்தேன்.

“பதில்?” என்றார்.

“இல்லை.”

தலையாட்டினார். “மறுகா, சேர்” என்றார், பட்டமாக அல்ல, விடைபெறுவதாக. அந்த வித்தியாசம் எனக்குப் பின்னேரம் நாலரைக்கு, பதிவேட்டில் அவருடைய வருகைக் கட்டமும் வெறுமையாகக் கிடந்தபோதுதான் விளங்கியது.

“செல்லாமப் போயிட்டாரே” என்று பூமணி இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“சொன்னார்” என்றேன்.

கொழும்பிலிருந்து ரபீக்குக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார், போலந்து வழியாக வீட்டுக்குப் போவதாக. அதன்பின் எங்கள் செய்திகளுக்கு, போய்ச் சேரவில்லை என்று காட்டும் ஒற்றைச் சரிக்குறிதான் விழுந்தது. இரண்டாவது விண்ணப்பத்தின் தவணையும் வந்து போயிற்று. அந்தத் தடவை ஒரு பதிலும் வரவில்லை. விதிப்படி அவரைத் தற்காலிகமாகப் பதிவு செய்து எங்கள் மைதானத்தில் ஆடவிட்டிருக்கலாம். மாரி பெய்து மைதானம் வாவியோடு சேர்ந்துவிட்டது. பதிவேட்டில் அவருடைய வரியை நான் வெட்டவில்லை. பெயரை வெட்டுவதற்கு விலகல் கடிதம் வேண்டும், அவர் தரவில்லை.

பொங்கல் கழிந்து தபாற்காரர் லீக் முத்திரையோடு ஒரு நீள உறை கொண்டுவந்தார். உள்ளே மாற்றுச் சான்றிதழின் அச்சுப்பிரதி. உக்ரைனிலிருந்து கொழும்புக்கு ஒரு நொடியில் வந்த காகிதம் கொழும்பிலிருந்து ஆரையம்பதிக்குப் பன்னிரண்டு நாள் பயணம் செய்திருந்தது. பெயர் சரியாக இருந்தது, ஒவ்வொரு எழுத்தும். ஆடுவதற்குத் தடையேதுமில்லை. கீழே ஒரு குறிப்பு: முந்தைய விண்ணப்பத்தில் ஏற்பட்ட பெயர்க் குழப்பம் பற்றி ஆட்டக்காரர் எமது அலுவலகத்துக்கு நேரில் வந்து விளக்கமளித்ததன் பேரில் இது வழங்கப்படுகிறது.

நேரில் போயிருக்கிறார். இனி எந்தப் பயனும் இல்லாத ஒரு காகிதத்துக்காக, அந்தக் காலத்தில், அந்த நகரத்தில், சங்க அலுவலகத்தின் கருமபீடத்துக்கு முன்னால் போய் நின்றிருக்கிறார். நின்ற இடத்தில் குதிக்காலை உயர்த்தித் தாழ்த்தியிருப்பார். மறுகா வா என்று சொல்லியும் பார்த்திருப்பார்கள்.

குறிப்பை வாசித்த பூமணி, “அப்ப ஆள் இரிக்கார்” என்றாள். பன்னிரண்டு நாளுக்கு முன்பு இருந்தார் என்று சொல்ல வாயெடுத்து, உறையை மடித்தேன்.

வெளியிலிருந்து வரும் கடிதத்தை உட்கடிதப் பதிவேட்டில்தான் பதிய வேண்டும். முப்பத்திநான்கு வருடத்தில் நான் அந்த விதியை மீறியதில்லை. அன்று பயிற்சிப் பதிவேட்டை எடுத்து, அவருடைய பெயரை முழுதாக, அவர்கள் எழுதும் ஒழுங்கிலேயே, புதுவரியில் எழுதி, வருகை என்ற கட்டத்தில் திகதியைக் குறித்தேன்: ஜனவரி பதினேழு, செவ்வாய்க்கிழமை.